அரசாங்கத் தூணில் ஒரு பெயர்

மேல் பிரிவு கிளினிக்,
பிரிஞ்சாங் வழி.
12.9.1983

அண்ணனுக்கு,

அப்பா காரியத்துக்குப் பிறகு இப்போதுதான், நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கத் தெரியாமல் இல்லை. இந்த விஷயத்தை முதலில் சொன்னால்தான் மற்றது எழுத வரும்.

போன வெள்ளிக்கிழமை குவாந்தானில் உள்ள உங்கள் அலுவலகத்திலிருந்து கிளினிக்குக்கு ஒரு கடிதம் வந்தது. மலாயில் ஒரே பக்கம். வாசல் தூணில் சமயம் சார்ந்த எழுத்து இருப்பதாக யாரோ புகார் செய்திருக்கிறார்களாம். அரசாங்கக் கட்டடத்தில் அப்படி இருக்கக் கூடாதாம். ஆறு வாரத்துக்குள் அகற்றிவிட்டுத் தெரிவிக்க வேண்டுமாம். அடியில் விவரம் கேட்க வேண்டிய ஆள் என்று உங்கள் பெயர் இருந்தது. காளியண்ணன் த/பெ சின்னையா, கட்டடப் பகுதி. அப்பா பெயரை அரசாங்கக் காகிதத்தில் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

தூணில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 'ஸ்ரீ முனியாண்டி துணை.' கட்டி முடித்த கடைசி நாள், சிமெண்டு காய்வதற்கு முன்னால், நல்லுசாமி கொத்தனார் கரண்டி நுனியால் எழுதியது. ஏழு வருடமாக யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வருகிற அதிகாரிகள் எல்லாரும் அது 'கிளினிக்' என்பதற்குத் தமிழ் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் "நன்றாக இருக்கிறது மிஸ்ஸி, பக்கத்தில் சீனத்திலும் எழுதிவிடுங்கள்" என்றுகூடச் சொன்னார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். தமிழ் படிக்கத் தெரியாத யாரும் இந்தப் புகாரை எழுதியிருக்க முடியாது. தோட்டத்து லயவீடுகளில் படிக்கத் தெரிந்தவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். புகார்க் கடிதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் எழுதியது?

நவமணி

*

குவாந்தான்
20.9.1983

நவமணிக்கு,

புகாரில் கையெழுத்து இல்லை. 'வரி செலுத்தும் ஒருவர்' என்று மட்டும் இருக்கிறது. தட்டச்சு செய்தது. இந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தூணில் இருக்கிற தமிழை மொழிபெயர்க்கச் சொல்லி என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்த்தேன். என் வேலை அது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புகார் நியாயமானது. அது அரசாங்கம் கட்டிய சுவர். எந்தச் சாமியின் துணையும் அதற்குத் தேவையில்லை. திரிங்காப் காய்கறித் தோட்டத்திலிருந்து சீனப் பெண்கள் உன்னிடம் வருகிறார்கள். காட்டிலிருந்து பழங்குடி அஸ்லிப் பெண்கள் வருகிறார்கள். அவர்களை முனியாண்டியின் பெயரால் வரவேற்பாயா? நோயாளி எதைக் கும்பிடுகிறாள் என்று கட்டடம் கேட்கக் கூடாது. கட்டடமும் தான் எதைக் கும்பிடுகிறது என்று சொல்லக் கூடாது. இவ்வளவுதான் என் கொள்கை. இதைச் சொன்னதற்காகத்தான் உங்கள் கோயில் தலைவர் வீரப்பன் அப்பாவின் சவத்துக்கு முன்னால் வைத்து என்னை "படிச்ச மிருகம்" என்றான். கொள்ளிச் சட்டியை என் கையிலிருந்து அவன்தான் வாங்கினான். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மறக்கவில்லை.

எழுத்தை எடுத்துவிடு. அக்டோபர் 24 கடைசி நாள்.

காளியண்ணன்

*

மேல் பிரிவு
29.9.1983

அண்ணனுக்கு,

வீரப்பன் உங்கள் கையிலிருந்து சட்டியை வாங்கவில்லை. நீங்கள் கீழே வைத்தீர்கள். அவர் எடுத்தார். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நான் கோயில்காரி இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போவேன், அதுவும் டியூட்டி இல்லாவிட்டால். ஆனால் இங்கே நர்ஸாக வேலை செய்வது நான். இந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில் முன்பு முனியாண்டி கல் இருந்தது. கட்டட வேலைக்காக அதைப் பெயர்த்து மேலே கோயிலுக்குக் கொண்டுபோனபோது லயத்துப் பெண்கள் இங்கே வர மாட்டோம் என்றார்கள். வீரப்பன்தான் பேசி முடித்தார். இடத்தை மிஸ்ஸிக்கு விட்டுக்கொடுப்போம், பெயர் மட்டும் தூணில் இருக்கட்டும் என்று. அதன் பிறகுதான் வந்தார்கள். உள்ளே நுழையும்போது தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்புறம்தான் எடை பார்க்கிற மிஷினில் ஏறுவார்கள். ஏழு வருடத்தில் இந்தப் பிரிவில் ஒரு தாய்கூடச் சாகவில்லை. முனியாண்டி காப்பாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்தார்கள், அதனால் பிழைத்தார்கள்.

சீனப் பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். திரிங்காப்பிலிருந்து வருகிற ஆ லான் முதல் நாளே தூணைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எல்லோரும் தொடுகிறார்கள், அதுதான் இங்கே சட்டம்போல என்று நினைத்திருக்கிறாள். இன்றுவரை தொடுகிறாள்.

இப்போது எனக்குப் பயம் ஒரே ஒருத்தியைப் பற்றித்தான். பாஞ்சாலை. நம்முடன் நான்காவது லயத்தில் இருந்தவர்களின் மகள், தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுகிற அர்ஜுனனின் மனைவி. ஐந்தாவது பிள்ளை. போன பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் பயமுறுத்தினாள். நவம்பரில் நாள். இவளை வாரம் ஒரு முறை நான் பார்த்தாக வேண்டும். எழுத்தை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எடுத்தால் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறீர்கள். அது கிளினிக்கின் பெயர் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

நவமணி

*

குவாந்தான்
8.10.1983

நவமணிக்கு,

என்னைப் பொய் எழுதச் சொல்கிறாய். அதுவும் முனியாண்டிக்காக.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தெரிந்திருந்தாலும் என் வாயால் கேட்டிருக்க மாட்டாய். 1950இல் எனக்குப் பதினொரு வயது. ஊரடங்குக் காலம். விடிகிற நேரத்தில் அம்மாவுக்கு வலி வந்தது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இல்லை. கல்லுக்கு. வீரப்பனின் அப்பன், அந்தக் கங்காணி, கற்பூரம் கொளுத்தினான். கட்டிலுக்கு அடியில் புல் எல்லாம் சிவந்துபோகிற வரைக்கும் வைத்திருந்தார்கள். நான் மேட்டில் நின்று பார்த்தேன். மதியம் நீ அழுதாய். அம்மா அழவில்லை.

1974இல் கிளினிக்குக்கு இடம் குறிக்க வரைபடம் என் கைக்கு வந்தது. துரை விட்டுக்கொடுத்த நிலத்தில் மூன்று மூலைகள் இருந்தன. மற்ற இரண்டும் இதைவிடச் சமமான தரை, மண் வெட்டுகிற செலவு குறைவு. நான் பென்சிலை எடுத்துக் கல் இருந்த இடத்தின் மேல் சதுரம் போட்டேன். காரணம் எழுதுகிற இடத்தில் 'சாலைக்கு அருகில்' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் மனம் நிறைந்து செய்த வேலை அது ஒன்றுதான். அம்மா செத்த இடத்தில் மருந்தும் மருத்துவச்சியும் இருக்க வேண்டும். கல் போக வேண்டும்.

கல் போயிற்று. பெயர் வந்து தூணில் உட்கார்ந்துகொண்டது. நான் சாமியை விரட்டிவிட்டுக் கிளினிக் கட்டினேனா, அல்லது சாமிக்கு அரசாங்கச் செலவில் சிமெண்டுக் கோயில் கட்டிக்கொடுத்தேனா? ஏழு வருடமாக எனக்கு விளங்கவில்லை.

கொத்த முடியாவிட்டால் மேலே பூசிவிடு. எழுத்து வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் விதி. பாஞ்சாலை வருவாள். உயிர் யாருக்கும் வெல்லம்.

காளியண்ணன்

*

மேல் பிரிவு
26.10.1983

அண்ணனுக்கு,

பூசியாகிவிட்டது. உங்கள் அலுவலகத்துக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டேன்.

நல்லுசாமி கொத்தனார் உளியைத் தொட மாட்டேன் என்றார். "எழுதுன கையாலயே வெட்டச் சொல்றீங்களே மிஸ்ஸி, எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்குலா." பூசச் சொன்னேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா பூசவில்லை. எழுத்தில் சாந்து படக் கூடாது என்று மேலே வாழை இலைத் துண்டை வைத்து மூடி, சுற்றிலும் ஒரு அங்குல விளிம்பு கட்டி, சட்டம் போட்ட படம்போல வழவழவென்று பூசினார். முடித்ததும் தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டேன்.

அதற்கு முந்தின வாரம் முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். இந்த வாரம் நான்கு பேர். அதில் ஒருத்தி ஆ லான். வெறும் பூச்சைத் தொட்டுவிட்டு வந்தாள், பாவம்.

நான் பாஞ்சாலை வீட்டுக்கே போனேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. பிரஷர் பார்க்கக் கை நீட்டினாள், அதில் குறை இல்லை. கிளினிக்குக்கு வா என்றதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"எடத்த வாங்கிக்கிட்டுப் பேரக் குடுத்தாங்க மிஸ்ஸி. இப்பப் பேரையும் பூசிட்டாங்க. அப்ப எடத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"அரசாங்கச் சட்டம்டி."

"சாமி கூடவும் ஒரு பேச்சுப் பேசியிருக்கோம்லா. அது மட்டும் சட்டம் இல்லியா?"

பிரஷர் மிஷினை மடித்துப் பையில் வைத்தேன். இதற்கு உங்களுக்குப் பதில் வருமா?

இன்னொன்று. அம்மா செத்த அன்று என்ன நடந்தது என்று அம்மாக்கண்ணுக் கிழவியிடம் கேட்டேன். என்னை வெளியே எடுத்தது அதுதானே. கொழுந்து லோரி வந்து நிற்கிற இடம் அந்தக் கல்தான், கும்பிடுவதற்காகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, லோரிக்குக் காத்திருந்தோம் என்றது. ஊரடங்கு எடுக்கிற வரை லோரி விடமாட்டேன் என்று ராணுவக்காரன் சொல்லிவிட்டானாம். கங்காணி பாஸ் வாங்க ஆபீசுக்கு ஓடினாராம். திரும்பி வந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கற்பூரம் கொளுத்தினாராம். மறுநாள் மறுபடியும் கேட்டேன். "முனியாண்டிகிட்டத்தான் வச்சோம், அவரு பாத்துக்குவாருன்னு" என்றது. இரண்டு நாளும் சத்தியம் பண்ணியது. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மேட்டிலிருந்து பார்த்தீர்கள். மேட்டிலிருந்து பார்த்தால் காத்திருக்கிறவர்களும் கும்பிடுகிறவர்களும் ஒரே மாதிரித்தானே தெரிவார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். அந்தப் புகாரை எழுதியது நீங்களா?

நவமணி

*

குவாந்தான்
5.11.1983

நவமணிக்கு,

ஆமாம். நான்தான்.

நேற்று தீபாவளி. ஜெயா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், மன்னிப்புக்காக இல்லை.

போன வருடம் எங்கள் அலுவலக வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். கறுப்புத் துணியில் பொன்னிற அரபு எழுத்து, அவர்கள் வேதத்திலிருந்து ஒரு வரி. அழகான எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. என் மேலதிகாரி என்சிக் ஹம்சாவிடம் பொருள் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். நல்ல பொருள்தான். பொருள் நல்லதாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட இடம் இல்லை. நாட்டின் மதம் எது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, நான் படித்திருக்கிறேன். ஆனாலும் இருபத்திரண்டு வருடமாக நான் வேலை செய்கிற கட்டடம் ஒரு நாள் காலையில் தான் யாருடையது என்று வாசலிலேயே சொல்லிவிட்டதுபோல இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் பதவி உயர்ந்துவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா? தெரியவில்லை. தெரியாததுதான் ஆளைத் தின்கிறது.

புகார் எழுதலாம் என்று தட்டச்சு மிஷினில் மூன்று முறை காகிதம் செருகினேன். மூன்று முறையும் தேதிக்கு மேல் ஒரு எழுத்து ஓடவில்லை. நான்காவது முறை உன் கிளினிக்கைப் பற்றி எழுதினேன். ஒரே மூச்சில் முழுப் பக்கமும் வந்தது. எல்லா வாதமும் அதே வாதம்தான். கட்டடத்துக்கு மதம் கூடாது, வாசல் எல்லோருக்கும் பொது. முகவரி மட்டும் வேறு. கேட்க முடியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கேட்க முடிந்த இடத்தில் கேட்டேன். எட்டு நாளில் அது என் மேசைக்கே திரும்பி வந்தது. 'காளியண்ணன், மொழிபெயர்க்கவும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரன் பயந்துபோனான்.

அப்படியானால் என் கொள்கை பொய்யா? இல்லை. இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். சரியான ஒன்றைத் தப்பான ஆளிடம் சொன்னால் அது என்ன ஆகும்? அதற்குப் பெயர் இருந்தால் சொல்.

லோரி விஷயம் என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. அன்று அந்த மேட்டில் லோரிச் சத்தம் ஏதாவது கேட்டதா என்று மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன். முப்பத்து மூன்று வருடக் கோபத்தை ஒரு கிழவி இரண்டு விதமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாஞ்சாலையை எப்படியாவது வரவழை. நான் வேறு என்ன சொல்வது?

காளியண்ணன்

*

மேல் பிரிவு
21.11.1983

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டிய காரணம் வந்துவிட்டது.

போன புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். மலைமுழுக்கப் பனிமூட்டம். அர்ஜுனன் லோரியை ஹாரன் அடித்துக்கொண்டே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் பாஞ்சாலை. வலி வந்து இரத்தமும் போய்க்கொண்டிருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு முக்கால் மணி நேரம் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

கைத்தாங்கலாக இறக்கினோம். தூண்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் அர்ஜுனனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இதுல யாரும் இல்ல, நான் வரல, என்ன லோரியிலயே போடுங்க" என்கிறாள். அவன் அழுகிறான். "வாம்மா, செத்துருவடி, வாம்மா." தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் உதைக்கிறாள், உதைக்க உதைக்க இரத்தம்.

நான் உள்ளே ஓடினேன். குங்குமம் தேடவில்லை, கிளினிக்கில் ஏது குங்குமம்? புண்ணுக்குப் போடுகிற சிவப்பு மருந்துக் குப்பிதான் கைக்கு வந்தது. பஞ்சில் தோய்த்து, அந்த வெறும் பூச்சின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். மருந்து கொஞ்சம் வழிந்தது. "இந்தா பாரு. உள்ளதான்டி இருக்காரு. மேல போத்தியிருக்கு, அவ்வளவுதான். தொடு. தொட்டுட்டு வா."

பார்த்தாள். தொட்டாள். விரலில் ஒட்டிய மருந்தை நெற்றியில் வைத்துக்கொண்டு அவளாகவே உள்ளே நடந்தாள்.

பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. ஊசி போட்ட பிறகும் இரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆனது. ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

அரசாங்கத் தூணில் பொட்டு வைத்தது அரசாங்க மிஸ்ஸி. இதற்கும் ஒரு புகார் எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை பெயர் தெரியும்.

நவமணி

*

குவாந்தான்
29.11.1983

நவமணிக்கு,

இதைப் படித்ததும் முதல் வேலையாகத் தூணைக் கழுவு. டிசம்பர் 7, புதன்கிழமை, ஹம்சா அங்கே நேரில் வருகிறார். அகற்றியதைப் பார்த்துப் படம் எடுத்து அறிக்கை வைக்க வேண்டும். என்னையும் கூட வரச் சொன்னார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லச் சொல்கிறாய் என்று உன்னைத் திட்டினவன் இப்படி எழுதுகிறேன்.

உன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறேன். உனக்கு அது புரியவில்லை. எழுத்தாவது கொத்தனார் எழுதியது. இது நீ வைத்தது, அதுவும் உத்தரவு வந்த பிறகு. சோப்புப் போட்டுக் கழுவு. போகாவிட்டால் சுண்ணாம்பு அடி.

உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். கழுவு என்று எழுதுகிற கையே வேண்டாம் என்கிறது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? கொள்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அவள் வாசலில் செத்திருப்பாள். இது எனக்குத் தெரிகிறது. அப்படியும் நீ செய்தது சரி என்று எழுத வரவில்லை. ஒரு பொட்டு வைத்தால்தான் உயிர் பிழைக்க வாசலைத் தாண்டுவாள் என்றால், அந்த வாசல் யாருக்காகக் கட்டினது? நான் யாருக்காகக் கட்டினேன்?

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

காளியண்ணன்

*

மேல் பிரிவு
9.12.1983

அண்ணனுக்கு,

கழுவினேன். சிவப்பு போய் இளஞ்சிவப்பு ஆனது. சுண்ணாம்பு அடிக்க நல்லுசாமியைக் கூப்பிட்டேன், ரிங்லெட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று நாளாக ரிங்லெட்டில் அவருக்கு என்ன வேலையோ. இதற்குள் பெண்கள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் தங்கம்மா என்கிறவள் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

"வைக்காதே. இது அரசாங்கத் தூண்."

"அப்ப நீங்க வச்சது?"

"அது மருந்து."

"சரி, அப்ப மருந்தே வைங்க."

வைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பொட்டு புதிதாக இருக்கிறது, குப்பியில் மருந்து குறைந்திருக்கிறது. கிளினிக் ஆயா ருக்குமணியிடம் கேட்டேன். "பூனை தட்டிவிட்டிருக்கும் மிஸ்ஸி" என்றாள். கிளினிக்கில் பூனையே கிடையாது.

அந்த நிலைமையில்தான் ஹம்சா வந்தார். நல்ல மனிதர், குரலே உயரவில்லை. தூணைச் சுற்றி வந்தார். விளிம்பைத் தடவிப் பார்த்து, யார் பூசியது, கைவேலை பிரமாதம் என்றார். பிறகு பொட்டைக் காட்டினார்.

"இது என்ன?"

"ஊபாட், என்சிக். மருந்து."

"மருந்தா? தூணுக்கு என்ன நோய்?"

வருகைப் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அந்த நேரம் பார்த்து ஆ லான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வழக்கம்போலத் தூணைத் தொடப் பார்க்கிறாள், இவர் மறைத்துக்கொண்டு நிற்கிறார். இவர் அவளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், ஒரு எட்டு நகர்ந்துகொண்டார். அவள் தொட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவர் தூணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்தார். தேநீர் குடித்தார். பாஞ்சாலை பிள்ளையை ஊசிக்காகக் கொண்டுவந்திருந்தாள், அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

போகும்போது கேட்டார், "காளியண்ணன் உங்கள் அண்ணனா?" ஆமாம் என்றேன். "ஒரு வருடமாக அவர் முன்வாசலில் வருவதில்லை. பின்பக்கம் லோரி நிற்கிற வழியாக வருகிறார். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று நினைத்தேன். நான் கேட்டால் சொல்ல மாட்டார்." இவ்வளவுதான் சொன்னார். நான் என்ன பதில் சொல்வது? தெரியாது என்றேன். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. என்னை வைக்கச் சொல்கிறாள். எனக்கு அம்மா பெயர்தான் வாயில் வருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நவமணி

*

குவாந்தான்
20.12.1983

நவமணிக்கு,

ஹம்சா படத்தைக் கழுவிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படம். தூண், அதில் ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. "இடத்தைப் பார்த்தது நான், மொழி தெரிந்தது உங்களுக்கு. அறிக்கையை நீங்களே எழுதுங்கள்" என்றார். நான் பின்வாசலில் வருவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். என்னைக் கேட்காமல் விட்டது மரியாதையா, அல்லது என் கோபம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லையா? இரண்டாவது என்றால் வெறுத்துவிடலாம், எனக்குப் பழக்கம். முதலாவது என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

காகிதத்தைச் செருகிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'சமய எழுத்து அகற்றப்பட்டதா?' ஆம் என்று அடித்தேன், அது உண்மை. 'வேறு சமயச் சின்னம் ஏதேனும் உள்ளதா?' அங்கே நின்றுவிட்டேன். உள்ளது என்று எழுதினால் உன் வேலை போகும், அந்தப் பெண்கள் மறுபடியும் வீட்டில் பெற்றுச் சாவார்கள். இல்லை என்று எழுதினால் நான் இத்தனை வருடம் கத்தியதெல்லாம் எங்கே போகும்? 'பூச்சில் மருந்துக் கறை' என்று அடித்தேன். ஹம்சா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். கையெழுத்துப் போட்டார். கோப்பு மூடியாகிவிட்டது. கிளினிக்கை இனி யாரும் தொட மாட்டார்கள்.

வாசல் பலகை அங்கேயேதான் இருக்கிறது. நான் இன்றைக்கும் பின்வழியாகத்தான் வந்தேன். நாளைக்கு எப்படி என்று தெரியாது.

அம்மா பெயரை வை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் எழுதிய அந்த வரி பொய்யா, மெய்யா என்று எனக்கே தெரியவில்லை. அன்று பஞ்சைத் தோய்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது, உன் மனதில் என்ன இருந்தது? நீ அவளை ஏமாற்றினாயா, அல்லது கும்பிட்டாயா? அரசாங்கத்துக்காகக் கேட்கவில்லை.

காளியண்ணன்

*

மேல் பிரிவு
3.1.1984

அண்ணனுக்கு,

பத்து நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கும்பிட்டேனா என்று தெரியவில்லை. ஏமாற்றினேனா என்றும் தெரியவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், வலது கையால் பொட்டு வைத்தேன். நாடி நூற்று முப்பதுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன் அண்ணே. என் மனதில் அது மட்டும்தான் இருந்தது.

நவமணி